ஈயம் வைத்த துளை

போன துப்பாக்கி திரும்பி வந்துவிட்டது என்று அர்பாப் ஸாலிம் சொன்னபோது செல்வசிங்குக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. பயம் வந்தது அதற்குப் பிறகுதான்.

இரண்டாயிரத்து ஒன்பது ஜனவரி. துபாய் அல் கூஸில் வேலை செத்துக் கிடந்தது. முன்பெல்லாம் காலை ஏழு மணிக்கே இரும்பு சீவுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் பேசுவது காதில் விழாத தெரு அது. அன்றைக்கு எதிர்ச் சாரி வேர்ஹவுஸ் கூரையில் புறா குனுகுவது கேட்டது. கட்டிடங்கள் பாதியில் நின்றன, கிரேன்கள் போன வாரம் திரும்பிய பக்கமே பார்த்து நின்றன, கடன்காரர்களுக்குப் பயந்தவர்கள் காரை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு ஊருக்குப் பறந்தார்கள். ஒன்பது பேர் இருந்த ஒர்க்ஷாப்பில் மிச்சம் செல்வசிங்கும், உதவிக்குக் கமுதிப் பக்கத்துக் கார்மேகமும்தான். வேலை இல்லாத கார்மேகம் லேத்தைத் துடைத்துத் துடைத்து அதன் பெயின்டையே எடுத்துவிடுவான்போல இருந்தது.

செல்வசிங் மார்த்தாண்டத்துக்காரன். டர்னர். சிங் என்ற பெயரைக் கேட்டதும் பஞ்சாபி என்று நினைத்துத் தலைப்பாகையைத் தேடுபவர்களுக்கு வழுக்கையைத்தான் காட்ட முடிந்தது. பதினாறு வருஷமாக ஒரே அர்பாபின், அதாவது ஒரே அரபி முதலாளியின், விசாவில் இருந்தான். லைசென்ஸ் அர்பாபின் பெயரில், உழைப்பு செல்வசிங்கின் பெயரில். இருவருக்கும் நடுவில் ஓடிய பாஷை பாதி அரபி, பாதி ஹிந்தி. இலக்கணத்தை இரண்டு பேருமே எப்போதோ தலைமுழுகிவிட்டார்கள்.

அர்பாப் கம்பளியில் சுற்றியிருந்ததைக் கைக்குழந்தையை எடுப்பதுபோலக் காரிலிருந்து எடுத்து வந்து மேஜைமேல் வைத்துப் பிரித்தார். நீண்ட குழல். கைபட்டுக் கைபட்டுக் கறுத்துப்போன மரக்கட்டை. இரண்டையும் சேர்த்துப் பிடித்த மூன்று வெள்ளி வளையங்கள். நடு வளையத்தில் ஒரு நசுங்கல். அர்பாபின் தகப்பனார் மலையில் வழுக்கி விழுந்தபோது பாறையில் பட்டது அது.

“பார் சிங். அதேதான். நசுங்கல் இருக்கா?”

“இருக்கு அர்பாப்.”

“அஞ்சு வருஷம் ஹோட்டல் சுவர்ல தொங்கிச்சு. தின்னுறவன் வாயைப் பார்த்துக்கிட்டே இருந்திச்சு. கலாஸ். ஹோட்டலை மூடியாச்சு. அவனே கூப்பிட்டு எடுத்துக்கோன்னான்.”

கீழ்ப்பிடியை இறக்கினார். துப்பாக்கியின் பின்வாய் திறந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்து உள்ளே விட்டார். தடங்கல் எதுவும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. அர்பாபின் முகம் மலர்ந்தது. செல்வசிங் அந்தத் தோட்டா உட்கார்ந்த இடத்தையே பார்த்தான்.

“அடுத்த மாசம் பன்னிரண்டு, வியாழக்கிழமை என் மகன் ஸைஃபுக்குக் கல்யாணம். முதல் வெடி மாப்பிள்ளை போடணும். என் கல்யாணத்துக்கு இதுலதான் நான் போட்டேன். என் அப்பா கல்யாணத்துக்கு அவர் போட்டார். நான் வித்துட்டேன்னு மலையில பேசினான் எல்லாரும். இனி பேசட்டும் பார்ப்போம்.”

“அர்பாப், அதைக் குடுங்க. எண்ணெய் போட்டுத் துடைச்சு ரெண்டு நாள்ல தாறேன்.”

“மாஃபி, முடியாது.” அர்பாப் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். “ஒரு தடவை கையை விட்டுப் போச்சு. இனி என் மய்யத்துலதான் இதை என் கையிலிருந்து எடுப்பாங்க.”

கம்பளியைச் சுற்றிக் காரில் வைத்துக்கொண்டு போய்விட்டார். கார்மேகம் துணியைப் போட்டுவிட்டு வந்தான்.

“என்னண்ணே, மூஞ்சி வெளுத்துப் போச்சு? சம்பளம் இல்லைன்னுட்டாரா?”

“ஒண்ணுமில்லலே. நீ சோலியப் பாரு.”

“சோலி எங்கண்ணே இருக்கு பாக்குறதுக்கு?” என்றான் கார்மேகம்.

அர்பாப் அந்தத் துப்பாக்கியை இரண்டாயிரத்து மூன்றில் விற்றார். மனைவிக்கு நெஞ்சில் ஆபரேஷன், வெளிநாட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். துபாயில் பழங்காலச் சாமான்களை மாட்டி வைத்து ஒரு ஹோட்டல் திறக்கப் போகிற ஆள் கேட்டதைக் கொடுத்தான். துப்பாக்கியும் போயிற்று, மூன்றாம் மாதம் அந்த அம்மாவும் போய்விட்டார். அதற்குப் பிறகு அர்பாப் மலையை விட்டு இறங்குவதே அபூர்வமாகிவிட்டது.

அந்த மூன்று மாதத்துக்கு நடுவில், ஹோட்டல் மேனேஜர் ஒருநாள் ஒரு நீளமான பார்சலோடு அல் கூஸில் வந்து இறங்கினார். அவர் தேடி வந்தது நல்ல டர்னரை. அது அர்பாபின் ஒர்க்ஷாப் என்றே அவருக்குத் தெரியாது. சுவரில் மாட்டும் துப்பாக்கி வெடிக்கக் கூடாது, தோட்டா உட்காரும் இடத்தில் விரல் கனத்துக்கு ஒரு துளை போட்டுக் காட்டினால்தான் போலீஸ் முத்திரை வைப்பார்கள். பிரித்துப் பார்த்த செல்வசிங் நசுங்கலைக் கண்டான். யாருடையது என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் மேனேஜர் அடுத்த தெருவுக்குப் போவார். அங்கே எவனாவது வெல்டிங் கட்டரைக் கொண்டு குதறி வைப்பான். அந்த நினைப்பே அவனுக்குப் பொறுக்கவில்லை. தானே போட்டான். பத்து மில்லிமீட்டர் டிரில் அந்தப் பழைய இரும்புக்குள் இறங்கியபோது ஏனோ கண்ணை மூடிக்கொண்டான்.

ஒரு வாரம் கழித்து மேனேஜர் மறுபடியும் வந்தார். போலீஸ் முத்திரை கிடைத்துவிட்டது, இனி துளையை மூடவேண்டும், சாப்பிட வருகிறவர்கள் பார்க்க நன்றாக இருக்கவேண்டும் என்றார். அங்கேதான் செல்வசிங்குக்குத் தொழில் வெறி பிடித்தது. வெல்டிங் வைத்தால் சூட்டில் சுற்றிலும் நீலம் பாயும், எவன் கண்ணுக்கும் தெரியும். அதனால் ஒரு பழைய இரும்புக் கம்பியைக் கடைந்து துளைக்கு அளவாக ஆணி செய்து, ஈயத்தை உருக்கி ஒட்டி, வெளியே அரம் போட்டு, உள்ளே எமரித் தாள் போட்டு, மேலே கறுப்பு மருந்து தேய்த்தான். மூன்று நாள் அதிலேயே கிடந்தான். முடித்தபோது நகத்தால் கீறினாலும் தட்டவில்லை. மேனேஜர் லென்ஸ் வைத்துத் தேடிவிட்டு, கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். அன்றைக்கு அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அர்பாபிடம் சொல்லவில்லை. மனைவியைப் பறிகொடுத்து உட்கார்ந்திருக்கிற மனிதரிடம் போய், உங்கள் தகப்பனாரின் துப்பாக்கியில் நான்தான் ஓட்டை போட்டேன் என்று யார் சொல்வார்கள்? எப்படியும் அது சுவரில் தொங்கப் போகிற சாமான்தானே என்று இருந்துவிட்டான்.

சாயங்காலம் அல் குசைஸில் அறைக்கு வந்தபோது மனைவி டெல்சி கிளினிக் டியூட்டி முடிந்து வந்து மரச்சீனிக் கிழங்கை அவித்து வடித்துக்கொண்டிருந்தாள். சாளைமீன் குழம்பு கொதித்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் மகள் ஜோஸ்மி பத்தாம் வகுப்புப் பாடத்தை இங்கிலீஷில் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். மார்ச்சில் போர்டு பரீட்சை.

“என்னத்துக்கு இப்பிடிப் பேயடிச்ச மாதிரி இரிக்கிய?” என்றாள் டெல்சி.

“அர்பாபுக்க தோக்கு திரும்பி வந்துட்டு.”

“கொள்ளாமே. மனுசனுக்குச் சந்தோசமா இரிக்குமே.”

“ஸைஃபுக்க கல்யாணத்துல அதை வச்சு வெடி போடப் போறாவளாம்.”

“போடட்டு. அதுக்கு ஒங்களுக்கு என்ன?”

செல்வசிங் தடுப்புப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“அந்தத் தோக்குல நான் ஓட்டை போட்டிருக்கேன் பிள்ளே. போட்டு, அடச்சும் வச்சேன். இப்பம் யாருக்கும் தெரியாது. வெடிச்சா அடப்பு தெறிக்கும். கொழலு பிளந்தாலும் பிளக்கும். மொகத்தோட ஒட்டிக் கெடக்குத எடமாக்கும் அது.”

டெல்சி அகப்பையைக் குழம்பிலேயே விட்டுவிட்டு அவன் எதிரில் வந்து உட்கார்ந்தாள். முழுதும் சொன்னான். அவள் இடையில் எதுவும் கேட்கவில்லை. நர்ஸ் ஆனதால் வந்த பழக்கம் அது.

“வெடி போடுதது யாரு? ஸைஃபா?”

“மாப்பிள்ளைதான் போடணுமாம்.”

“கர்த்தாவே. நம்ம ஜோஸ்மிக்கு சைக்கிள் படிப்பிச்ச பயலு இல்லியா அவன்? அவனுக்குக் கை ஒடிஞ்சப்பம் நான்தானே கட்டுப் போட்டேன். இப்பமே போன் பண்ணிச் சொல்லுங்க.”

“என்னத்தச் சொல்ல? ஒனக்க அப்பனுக்க தோக்க நான் நாசமாக்கிட்டேன்னா? அந்த ஆளப்பற்றி ஒனக்குத் தெரியாது. அவருக்க தோட்டத்துல ஒரு பட்டாணி வேலைக்காரன் இருந்தானே, இருவது வருசம் கூட இருந்தவன். ஒரு ஆட்டுக்குட்டி காரியத்துல பொய் சொன்னான்னு ஒரே நாள்ல விசாவ வெட்டி அனுப்பிட்டாரு. பொய்கூட இல்ல, மறச்சதுக்கு. நான் மறச்சது அஞ்சு வருசமாச்சு.”

“அதுக்காக?”

“விசா போனா இந்தச் சமயத்துல எவன் வேலை தருவான்? ஊருல பாதி வீடு நிக்குது. ஜோஸ்மிக்க விசாவும் எனக்க விசாவுல கெடக்கு. பரீச்சை என்னாவும்?”

குழம்பு அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. டெல்சி எழுந்து போய் அடுப்பை அணைத்தாள்.

“போன வருசம் ஒரு பாக்கிஸ்தான்காரனக் கொண்டு வந்தாவ. கம்ப்ரசர் வெடிச்சு மூடி கண்ணுல தெறிச்சிருந்து. எனக்க கையிலதான் ரெத்தம் பூராவும். அம்மா அம்மான்னுதான் விளிச்சான் அவனும். நீங்க அதப் பாக்கல்ல. நான் பாத்தேன். பரீச்சை அடுத்த வருசமும் வரும்.”

“எதாவது வழி பாக்கேன். தோக்கு ஒரு அரமணிக்கூறு கையில கெடச்சாப் போதும். எதாவது சாக்கு சொல்லி, சுடாத மாதிரி விசைய முடக்கிருவேன்.”

“பாருங்க. பன்னிரண்டாம் தேதிக்குள்ள நீங்க சொல்லேலன்னா நான் சொல்லுவேன். பந்தலுக்க நடுவுல வந்து நின்னு சொல்லுவேன்.”

கிழங்கையும் குழம்பையும் மூவரும் தின்றார்கள். அடிப்பிடித்த ருசியைப் பற்றி ஜோஸ்மி மட்டும்தான் குறை சொன்னாள்.

வழி பார்க்கத்தான் செய்தான். பந்தலுக்கு இரும்புக் கால் அடிக்கவேண்டும் என்று அர்பாப் கூப்பிட்டதும் கார்மேகத்தையும் கூட்டிக்கொண்டு மஸாஃபி தாண்டி அவருடைய மலையடி ஊருக்குப் போனான். மொட்டை மலை. அந்த வருஷம் மழை பெய்திருந்ததால் மலையோடையான வாதியில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. காலையில் மூடுபனி பகல் பத்து மணிவரை விலகவில்லை. குழியெடுக்கக் கடப்பாரையைப் போட்டால் பாறையில் பட்டுத் தீப்பொறி பறந்தது. உள்ளங்கை கொப்பளித்து, ஒரு கால் நட ஒரு மணி நேரம் ஆனது.

அர்பாப் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் மேற்பார்வை பார்த்தார். தொழும்போது பக்கத்தில் வைத்தார். சாப்பிடும்போது மடியில் வைத்தார். பார்க்க வருகிற கிழவர்கள் ஒவ்வொருவரிடமும் நீட்டினார். அவர்கள் நசுங்கலைத் தடவி, தகப்பனாரின் பெயரைச் சொல்லி, கண் கலங்கித் திருப்பிக் கொடுத்தார்கள். ஒருவர் கையும் துளையை அடைத்த இடத்தில் நிற்கவில்லை. தன் வேலையின் நேர்த்தியே செல்வசிங்குக்கு அருவருப்பாக இருந்தது.

மூன்றாம் நாள் சோற்றுக்கு உட்கார்ந்தபோது மெல்ல ஆரம்பித்தான்.

“அர்பாப், பழைய இரும்பு. அஞ்சு வருஷம் ஏசியில தொங்கினது. வெடிக்க வேண்டாம். கையில பிடிச்சு ஆடினாப் போதாதா?”

அர்பாப் ஆட்டுக்கறியைப் பிய்த்து அவன் பக்கம் தள்ளிவைத்தார்.

“அறுபது வருஷம் மலையில தொங்கினதுக்கு ஒண்ணும் ஆகலை. ஏசியில தொங்கினா ஆயிடுமா? சாப்பிடு.”

“இல்ல அர்பாப், ஒரு காரியம் சொல்லணும்...”

“எனக்குத் தெரியும் நீ என்ன சொல்லப் போறேன்னு. வேலை இல்லை, ஒர்க்ஷாப்பை மூடிடுவேனோன்னு பயம். மூட மாட்டேன். பதினாறு வருஷத்துல நீ என்கிட்ட எதையும் மறைச்சதில்லை. உன்னை நான் விட மாட்டேன். சாப்பிடு சிங்.”

செல்வசிங் கறியை எடுத்து வாயில் வைத்தான். மெதுவாக மென்றான். சொல்ல வந்ததையும் அந்தக் கறியோடு சேர்த்து விழுங்கிவிட்டான். திரும்பும் வழியில் கார்மேகம் கேட்டான்.

“அண்ணே, அந்த ஸைஃபுத் தம்பி என்னையப் போட்டோ எடுக்கச் சொல்லி நின்னுச்சுண்ணே. துப்பாக்கிய இப்பிடிக் கன்னத்துல ஒட்டி வச்சுக்கிட்டு. நல்லாருந்துச்சுல்ல?”

“மிண்டாம இருலே,” என்று கத்தினான் செல்வசிங். கார்மேகம் துபாய் வந்து சேரும்வரை வாயைத் திறக்கவில்லை.

நாளை சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று பன்னிரண்டாம் தேதி வந்துவிட்டது.

பிற்பகல் தொழுகை முடிந்ததும் ஆட்டம் தொடங்கியது. வெள்ளை அங்கி போட்ட ஆண்கள் மூங்கில் கம்புகளோடு எதிரெதிராக இரண்டு வரிசையில் நின்று, தலையை அசைத்து, ஒரே குரலில் பாட்டு எடுத்தார்கள். நடுவே முரசு. முரசின் அதிர்வு பந்தல் கால்களில் ஏறி, செல்வசிங் சாய்ந்திருந்த கம்பி வழியாக அவன் முதுகில் இறங்கியது. ஒரு ஓரம் கரியடுப்பில் வரிசையாகக் கஹ்வா காப்பிக் கெண்டிகள். கோதுமையும் கறியும் குழைந்த ஹரீஸ் அண்டாக்களிலிருந்து நெய் மணம். பெண்கள் எல்லோரும் வீட்டுக்கு அந்தப் பக்கம். டெல்சியும் ஜோஸ்மியும் அங்கேதான் இருந்தார்கள். உள்ளே போகும் முன் டெல்சி அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

அர்பாப் வரிசைக்கு நடுவே வந்தார். மகனுக்கு நெற்றியில் முத்தம் கொடுத்தார். துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கி இரண்டு கைகளாலும் நீட்டினார். ஸைஃப் வாங்கினான். இருபத்திரண்டு வயது, மீசை இப்போதுதான் ஒழுங்காக வந்திருந்தது. கீழ்ப்பிடியை இறக்கித் தோட்டாவைப் போட்டு மூடினான். முரசு நின்றது.

அப்போது செல்வசிங் பார்த்தான். வீட்டு மூலை திரும்பி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சரளைக் கல்மேல் வெறுங்காலோடு டெல்சி வந்துகொண்டிருந்தாள். ஒரு பெண் ஆண்கள் பக்கம் வருவதைக் கண்டு இரண்டு மூன்று பேர் திரும்பினார்கள். இன்னும் முப்பது எட்டு வைத்தால் பந்தலின் நடுவுக்கு வந்துவிடுவாள்.

அவன் கால்கள் அதற்கு முன்பே ஓடிவிட்டன. ஸைஃப் துப்பாக்கியைக் கன்னத்தில் சாய்த்த நேரம், குழலை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே அமுக்கினான்.

“வெடிக்காத! உள்ள ஓட்டை இருக்கு! வெடிக்காத!”

நாலு பேர் வந்து அவனைப் பிடித்து இழுத்தார்கள். சட்டை கிழிந்தது. எவனோ ஒருவன் கம்பால் தோளில் ஒன்று வைத்தான். அர்பாப் கையை உயர்த்தியதும் விட்டார்கள்.

“என்ன ஓட்டை?”

சொன்னான். பாதி அரபியும் பாதி ஹிந்தியும் கைகொடுக்காத இடங்களில் தமிழே வந்தது. ஹோட்டல், மேனேஜர், டிரில், ஆணி, ஈயம். சுற்றிலும் இருநூறு பேர் கேட்டார்கள். அர்பாபின் முகத்தில் கோபம் வரவில்லை. அதுதான் செல்வசிங்குக்கு அதிகப் பயமாக இருந்தது.

அர்பாப் துப்பாக்கியை வாங்கித் தோட்டாவை உருவிப் பையில் போட்டுக்கொண்டு, அவன் எதிரில் நீட்டினார்.

“காட்டு.”

செல்வசிங் விரலை வைத்துத் தடவினான். இடப்பக்கம், பின்வாயிலிருந்து இரண்டு விரல் தள்ளி. அங்கே எதுவும் தட்டவில்லை. நகத்தால் கீறினான். வெயிலில் சாய்த்துப் பார்த்தான். குழல் முழுவதும் ஒரே கறுப்பு, ஒரே வழவழப்பு. தான் செய்த வேலையைத் தன்னாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. வேர்த்துக் கொட்டியது. வரிசையில் ஒரு கிழவர் ஏதோ சொல்ல, சிலர் சிரித்தார்கள்.

“மாஃபி,” என்றார் அர்பாப். “ஒண்ணும் இல்லை. உனக்கு என்ன ஆச்சு சிங்? குடிச்சிருக்கியா?”

“இருக்கு அர்பாப். ஒரு அரம் குடுங்க. தேய்ச்சுக் காட்டுறேன்.”

“என் அப்பா துப்பாக்கியில அரம் வைக்கப் போறியா?”

“அப்ப தீயில வையுங்க. ஈயம் உருகும். ஆணி விழும்.”

எல்லோரும் கரியடுப்பைப் பார்த்தார்கள். அர்பாப் தாடியைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தானே போய் கஹ்வா கெண்டிகளை ஒவ்வொன்றாக இறக்கிவைத்தார். குழலின் அந்த இடம் தணலில் படும்படி துப்பாக்கியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு குந்தி உட்கார்ந்தார்.

“விழலைன்னா, என் மகன் கல்யாணத்தை அசிங்கப்படுத்தினவன் நீ. இன்னிக்கே ஏர்போர்ட். உன் பொண்டாட்டி, பிள்ளை எல்லாரும்.”

செல்வசிங் எதிரில் முட்டி போட்டு விசிறியால் தணலை வீசினான். நேரம் போயிற்று. ஒன்றும் விழவில்லை. அப்போதுதான் அந்தச் சந்தேகம் அவனுக்குள் புகுந்தது. ஈயம்தானா வைத்தேன்? வெள்ளியை உருக்கிப் பற்று வைத்திருந்தால் இந்தச் சூட்டுக்கு அசையாதே. ஐந்து வருஷத்தில் எத்தனை நூறு சாமானுக்குப் பற்று வைத்தாயிற்று, இதற்கு எதை வைத்தோம்? வெல்டிங் வேண்டாம் என்று நினைத்தது ஞாபகம் இருந்தது. ஈயக் கம்பியைக் கையில் எடுத்தது ஞாபகத்துக்கு வரவில்லை. மரக்கட்டையின் ஓரம் கருகி மணத்தது. அர்பாபின் கண்ணில் நீர் வந்தது. புகையாலா, அந்தக் கருகலைப் பார்த்தா என்று தெரியவில்லை. பின்னால் டெல்சி ஜெபம் சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது. அவளை யாரும் தடுக்கவில்லை.

குழலில் ஒரு சின்ன வளையம் தெரிந்தது. முதலில் மயிரிழைக்கு. பிறகு பளபளவென்று வெள்ளையாக. அர்பாப் மூச்சை இழுத்தார். துப்பாக்கியை ஒருமுறை உதறினார். விரல் கனத்துக்கு ஒரு இரும்புத் துண்டு கழன்று, சாம்பலில் விழுந்து, உருண்டு, அவன் முட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. தோட்டா இருக்கும் இடத்துக்கு நேராக, ஸைஃபின் கன்னம் பட்டிருந்த பக்கத்தில், வெட்டவெளியாக ஒரு துளை திறந்திருந்தது.

ஸைஃப் அருகே வந்து குனிந்து பார்த்தான். தன் கன்னத்தைத் தொட்டுக்கொண்டான். அர்பாப் எழுந்து மகனைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். விடவே இல்லை. பிறகு முரசுக்காரர்களைப் பார்த்து, “யல்லா,” என்றார். முரசு மறுபடியும் தொடங்கியது. பாட்டு மட்டும் பழைய குரலில் வரவில்லை.

அவனையும் டெல்சியையும் ஜோஸ்மியையும் ஒருவரும் சாப்பிடச் சொல்லவில்லை. கார்மேகம்தான் வேனை எடுத்தான். சமவெளிக்கு வந்ததும் டெல்சி அவன் கிழிந்த சட்டையை விலக்கி, தோளில் கன்றியிருந்த இடத்தை விரலால் அமுக்கிப் பார்த்தாள்.

“எலும்புக்கு ஒண்ணும் இல்ல,” என்றாள்.

ஒன்பதாம் நாள் காலை அர்பாப் அல் கூஸுக்கு வந்தார். தோளில் கம்பளிச் சுற்று, கையில் ஒரு கவர். கார்மேகம் தேநீர் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு நழுவினான். அர்பாப் நாற்காலியில் உட்கார்ந்து, கம்பளியை மேஜைமேல் வைத்தார். கவரையும் அதன் பக்கத்தில் வைத்தார்.

“என் மகனை எனக்குக் குடுத்தே,” என்றார். “அதை மறக்க மாட்டேன். ஆனா என் வீட்டுக்கு வந்த ஒவ்வொருத்தனும் அந்த ஓட்டையைப் பார்த்தான். உன் முகத்தைப் பார்த்தா எனக்கு ஓட்டைதான் தெரியுது சிங். என்னால முடியலை.”

கவரில் விசா கேன்சல் பேப்பர் இருந்தது. தேதி மார்ச் முப்பத்தொன்று.

“உன் பொண்ணுக்குப் பரீட்சை எப்போ முடியுதுன்னு ஸைஃப் கேட்டுச் சொன்னான். அதுக்குப் பிறகு போ.”

“செரி அர்பாப்,” என்றான் செல்வசிங். பேப்பரைத் திரும்ப மேஜைமேல் வைத்தான்.

“போறதுக்கு முன்னாடி இதை மூடிக் குடு. சுவர்லதான் மாட்டப் போறேன். முன்னாடி செஞ்ச மாதிரியே செய்.”

செல்வசிங் துப்பாக்கியை லேத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். இத்தனை நாளுக்குப் பிறகு அது அவன் கைக்கு வந்திருந்தது. இரும்புக் கம்பிகள் கிடந்த டப்பாவைத் திறந்தான். பார்த்தான். மூடினான். மேல் தட்டிலிருந்து ஒரு பித்தளைக் கம்பியை எடுத்து லேத்தின் சக்கில் மாட்டிக் கடைந்தான். மஞ்சள் சீவல் சுருண்டு சுருண்டு விழுந்தது. அளவு பார்த்து இறுக்கி அடித்து, கொஞ்சம் வெளியே நிற்கும்படி விட்டு, விளிம்பை மட்டும் மழுக்கினான். அரம் போடவில்லை. கறுப்பு மருந்தைத் தொடவில்லை.

அர்பாப் வாங்கிப் பார்த்தார். கறுத்த குழலில் மஞ்சள் பொட்டு பளிச்சென்று நின்றது. புருவத்தை நெரித்தார்.

“இதென்ன? தெரியுதே. அப்போ உன்னால தெரியாம செய்ய முடிஞ்சுதே.”

“தெரியட்டும் அர்பாப். ஸைஃபுக்கு ஒரு மகன் பிறப்பான். அவன் இதை எடுப்பான். அவனுக்கும் தெரியட்டும்.”

தெருவில் தண்ணீர் லாரி ஒன்று போயிற்று. அர்பாப் நிமிராமலே கேட்டார்.

“அன்னிக்கு ஓட்டை போடும்போது இது என்னோடதுன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“அதனாலதான் தெரியாத மாதிரி அடைச்சியா?”

“ஆமா அர்பாப். உங்க அப்பாவோடதுன்னுதான் அவ்வளவு நல்லாச் செஞ்சேன்.”

அர்பாப் தலையை ஆட்டினார். கட்டை விரலைப் பித்தளைமேல் வைத்தார். விரல் தட்டி நின்றது. நசுங்கலைத் தடவுகிற மாதிரியே அதையும் இரண்டு தடவை தடவினார். பிறகு கம்பளியைச் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு காருக்குப் போனார். பேப்பரை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். சீவலோடு சேர்ந்து பறந்துவிடாமல் இருக்க செல்வசிங் அதன்மேல் மிச்சப் பித்தளைத் துண்டை எடுத்து வைத்தான்.